முனிசாமிக்கு இரண்டு அப்பா

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குடும்ப வரலாறு தேடும் தமிழர்கள் எந்தப் பக்கம் சுற்றினாலும் கடைசியில் கப்பல் பட்டியலுக்குத்தான் வந்து சேர வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 பேரோடு இங்கே வந்து நின்றது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நட்டால் பகுதிக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். மற்றவர்கள் கல்கத்தா வழியாக. ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண். அதற்குப் பக்கத்தில் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு. ஆங்கிலம் மட்டும் தெரிந்த குமாஸ்தாவோ, அவருக்கு எடுத்துச் சொன்ன துபாஷியோ, காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார்கள்.

இந்தப் பட்டியலை எழுத்தெழுத்தாகக் கணினியில் ஏற்றும் பெரிய வேலையை முந்தைய தலைமுறை ஆய்வாளர்கள் செய்து முடித்துவிட்டார்கள். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையத்துக்குப் போனால் பார்க்கலாம். நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த வேலை. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிலர் கூடுவார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், முன்பு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த ஒரு அங்கிள், கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர். எனக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். மென்பொருள் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன். அவர்களுக்குத் தமிழ் படிக்க ஆள் வேண்டியிருந்தது, எனக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல சாப்பாடு வேண்டியிருந்தது. அப்படித்தான் சேர்ந்தேன்.

அவர்களிடம் ஒரு பெரிய எக்செல் கோப்பு இருந்தது. கப்பல் பட்டியலிலிருந்து தங்கள் குடும்பங்களுக்கு வேண்டிய வரிகள், கல்யாணப் பத்திரம், கல்லறைக் கல்வெட்டு, கோயில் நன்கொடைப் பலகை, பாட்டி சொன்ன கதை எல்லாம் ஒரே தாளில். ஆசிரியை ஆன்ட்டி கேட்ட கேள்வி எளியது: "எங்க தாத்தாவோட ஒரே கப்பல்ல, ஒரே ஊர்லேந்து வந்து, அப்புறம் அதே எஸ்டேட்டுக்கே போனவங்க யாரு யாரு?" எக்செலில் இதைக் கேட்டால் வடிகட்டி மேல் வடிகட்டி போட்டுக்கொண்டே போக வேண்டும். அதே கேள்வியை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அளவில் நீட்டினால் தாள் கைவிட்டுவிடும். உறவுகளைத்தான் கேட்கிறோம், தாளில் இருப்பதோ வரிசைகள்.

இந்த மாதிரி வேலைக்கென்றே செமான்டிக் வெப் என்று ஒரு கருவிக் குடும்பம் இருக்கிறது. 2001இல் டிம் பெர்னர்ஸ்-லீ உள்ளிட்ட மூவர் ஒரு அறிவியல் பத்திரிகையில் எழுதியபோது, இணையம் முழுவதும் கணினிகளே ஒன்றுக்கொன்று விஷயம் பேசி நமக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தரும் என்றெல்லாம் சொன்னார்கள். அது நடக்கவில்லை. ஆனால் அதற்காகச் செய்த அடிப்படைச் சாமான்கள் நன்றாகவே நிலைத்துவிட்டன. எந்தத் தகவலையும் மூன்று துண்டாக எழுதுவது ஆர்டிஎஃப்: 'இன்னார் – வந்த கப்பல் – ட்ரூரோ'. இந்தத் துண்டுக்கு ட்ரிப்பிள் என்று பெயர். என்னென்ன வகைப் பொருள்கள் உண்டு, அவற்றுக்கு இடையே எந்த உறவு செல்லும், எது செல்லாது என்று எழுதிவைப்பது ஆன்டாலஜி. அதை எழுதும் மொழி ஔல், முதல் பதிப்பு 2004, இரண்டாவது 2009. கேள்வி கேட்கும் மொழி ஸ்பார்க்கிள். இவ்வளவு தெரிந்தால் மேலே படிக்கப் போதும்.

எல்லோரும் ப்ரொட்டீஜேயில்தான் ஆரம்பிப்பார்கள், நாங்களும் அப்படித்தான். ஸ்டான்ஃபோர்டில் மார்க் மியூசன் குழு வளர்த்தெடுத்த இலவச மென்பொருள். பிறந்த இடம் மருத்துவத் தகவலியல் துறை. அதன் சாயல் இன்றும் அதில் உண்டு. திறந்ததும் இடது பக்கம் வகைகளின் மரம். நோய், அதற்குக் கீழே தொற்று நோய், அதற்குக் கீழே இன்னும் பத்து என்று லட்சக்கணக்கில் வகைகள் உள்ள துறைக்கு அது கச்சிதம். எங்களிடம் வகைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்: ஆள், கப்பல், பயணம், எஸ்டேட், ஊர், ஆவணம். ஆட்களோ ஆயிரக்கணக்கில். அதனால் ப்ரொட்டீஜேயை நான் யோசிப்பதற்கான பலகையாக மட்டும் வைத்துக்கொண்டேன். ஆட்களை அதில் ஒவ்வொருவராக உள்ளிட உட்கார்ந்தால் ஆயுள் போய்விடும்.

ஆனால் அந்தப் பலகையில்தான் வேடிக்கை நடந்தது. ஆளுக்கு 'அப்பா' என்று ஒரு உறவு வைத்து, ஒருவருக்கு ஒரு அப்பாதான் இருக்க முடியும் என்று டிக் செய்தேன். ப்ரொட்டீஜேயில் அதற்கு ஃபங்ஷனல் என்று ஒரு பெட்டி உண்டு. அங்கிளுடைய பூட்டனார் முனிசாமி. கப்பல் பட்டியலில் அவருடைய அப்பா பெயர் வீரப்பன். கல்யாணப் பதிவில் சின்னத்தம்பி. இரண்டையும் இரண்டு ஆட்களாக உள்ளிட்டு, ஹெர்மிட் என்ற ரீசனரை ஓடவிட்டேன். ரீசனர் என்பது நாம் சொன்னதிலிருந்து சொல்லாததையும் வருவித்துத் தரும் நிரல். ஹெர்மிட் ஆக்ஸ்ஃபோர்டில் எழுதப்பட்டது. 'தப்பு, ஒருவருக்கு இரண்டு அப்பா' என்று அது சிவப்புக் கொடி காட்டும் என்றுதான் மண்டபத்தில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கொடியைக் காணோம். வீரப்பனைச் சொடுக்கினால், அவருக்குக் கீழே மஞ்சள் பின்னணியில் ஒரு புதிய வரி: 'சின்னத்தம்பியும் இவரும் ஒருவரே'.

ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "என்ன தம்பி, ரெண்டு அப்பாவையும் சேத்து ஒரே ஆளா ஆக்கிடிச்சே உங்க மெஷினு!"

ஔலின் கணக்குப்படி அதில் தவறே இல்லை. ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருக்கலாம் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. இவர்கள் இருவரும் வேறு வேறு ஆட்கள் என்று நாம் வெளிப்படையாகச் சொன்னால்தான் அது முரண்பாடு என்று கத்தும். இன்னொன்று: நாம் சொல்லாத விஷயத்தைப் பொய் என்று அது எடுத்துக்கொள்ளாது, தெரியாது என்று மட்டுமே வைத்துக்கொள்ளும். இணையம் முழுவதிலிருந்தும் தகவல் வந்துகொண்டே இருக்கும் என்று நினைத்துக் கட்டிய மொழிக்கு அந்த அடக்கம் நியாயம்தான். ஆனால் விளைவைப் பாருங்கள். வீரப்பனும் சின்னத்தம்பியும் ஒருவரென்றால், சின்னத்தம்பியின் மற்ற பிள்ளைகள் எல்லோரும் முனிசாமிக்கு உடன்பிறப்புகள் ஆகிவிடுவார்கள். ஒரு ராத்திரியில் அங்கிளுக்குப் புதிதாக ஒரு பங்காளிக் கூட்டம். (அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். அது வேறு கதை.)

தவறைப் பிடிக்க வேறு கருவி இருக்கிறது: ஷேக்கல். 2017இல் தரமாக அறிவிக்கப்பட்டது. ஔல் சொல்லும் விதிகள் புதிய உண்மைகளை வருவிக்க. ஷேக்கல் சொல்லும் விதிகள் கையில் இருக்கும் தரவைச் சோதிக்க. 'அப்பா அதிகபட்சம் ஒன்று' என்று ஷேக்கலில் எழுதினால், முனிசாமி பெயரைப் போட்டு 'இங்கே இரண்டு இருக்கிறது' என்று அறிக்கை தரும். இணைப்பதும் இல்லை, கற்பனை செய்வதும் இல்லை. என் அபிப்பிராயம், குடும்ப வரலாறு, கோயில் கணக்கு, நூலகப் பட்டியல் மாதிரி வேலைக்கு வருபவர்கள் முதலில் கற்க வேண்டியது ஷேக்கல்தான், ரீசனர் அப்புறம். பாடங்களில் வரிசை தலைகீழாக இருப்பதால் பலர் வழியிலேயே ஓடிவிடுகிறார்கள்.

சரி, தவறு பிடிபட்டது. எந்த அப்பாவை நீக்குவது? இங்கேதான் கருவியை விட்டுவிட்டு யோசிக்க வேண்டியிருந்தது. வீரப்பன் என்பது கப்பல் பட்டியல் சொல்வது. சின்னத்தம்பி என்பது கல்யாணப் பதிவு சொல்வது. இரண்டும் ஆவணத்தின் கூற்று. முனிசாமிக்கு உண்மையில் யார் அப்பா என்பது மூன்றாவது விஷயம். அதைச் சொல்ல யாரும் உயிரோடு இல்லை. எங்கள் எக்செலும் என் முதல் ஆன்டாலஜியும் இந்த மூன்றையும் ஒரே ஆள் மேல் ஏற்றிவைத்திருந்தன.

அதனால் அமைப்பை மாற்றினோம். பட்டியலின் ஒவ்வொரு வரியும் இப்போது ஒரு 'பதிவு'. பெயர், அப்பா பெயர், வயது, ஜில்லா எல்லாம் பதிவின் சொத்து. அப்பா பெயர் அங்கே வெறும் எழுத்துச் சரம். அது ஒரு ஆள் அல்ல. 'ஆள்' என்பது நாம் பிறகு உருவாக்குவது. இந்தப் பதிவும் அந்தப் பதிவும் ஒரே ஆளைப் பற்றியவை என்று யார், எந்த ஆதாரத்தில் சொன்னார்கள் என்பதோடு சேர்த்து. இதற்கான சொற்களை நாங்களே கண்டுபிடிக்கவில்லை. 2013இல் வந்த ப்ரோவ்-ஓ என்ற தர ஆன்டாலஜியில் எதிலிருந்து எது பெறப்பட்டது, யார் பொறுப்பு என்று சொல்வதற்கு எல்லாமே இருக்கிறது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு, அடிமை வணிகத்தில் சிக்கியவர்களின் தரவை ஒன்றுசேர்க்கும் என்ஸ்லேவ்ட் திட்டமும் விக்கிபேஸ் மென்பொருளின் மேல் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது: எந்தத் தகவலும் தன் ஆவணத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு வரும். இரண்டு அப்பாக்களும் இப்போது எங்கள் தரவில் சண்டையில்லாமல் இருக்கிறார்கள்.

காலனி எண்ணாவது ஆளுக்கு ஒன்று என்று உறுதியாகச் சொல்லலாமா? ஒரே எண் என்றால் ஒரே ஆள் என்று சொல்ல ஔல் இரண்டாம் பதிப்பில் ஒரு வசதி உண்டு, ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்பி, அங்கே பிழைப்பு ஒட்டாமல் மறுபடி கப்பலேறியவர்கள் உண்டு. ஒரே ஆளுக்கு இரண்டு எண் இருந்தால் கெடுதல் இல்லை, அமைப்பு அதைத் தாங்கும். எண்ணைப் படியெடுக்கும்போது ஒரு இலக்கம் தவறினால்தான் ஆபத்து: சம்பந்தமே இல்லாத இருவர் ஒட்டிக்கொள்வார்கள். எனவே அந்த வேலையும் ஷேக்கலுக்கே போனது. ஒரே எண்ணில் இரண்டு வேறு வயதோ கப்பலோ வந்தால் அது அறிக்கையில் எழுதும், நாங்கள் மூலத்தைப் போய்ப் பார்ப்போம்.

நேரத்தில் பெரும் பகுதியைத் தின்றது ஓப்பன்ரிஃபைன். 2010இல் ஃப்ரீபேஸ் கிரிட்வொர்க்ஸ் என்று தொடங்கி, கூகுள் கைக்குப் போய், பிறகு பொதுவில் விடப்பட்ட கருவி. அலங்கோலமான அட்டவணையைச் சீராக்க இதைவிட நல்லது நான் பார்த்ததில்லை. ஒரு பத்தியில் உள்ள பெயர்களில் ஒன்றுபோல் இருப்பவற்றைத் திரட்டிக் காட்டி 'சேர்க்கட்டுமா?' என்று கேட்கும். ஆனால் அதிலுள்ள ஒலி அடிப்படையிலான முறைகளில் மெட்டாஃபோன் ஆங்கிலக் காதுக்குச் செய்தது. முதலெழுத்தைத் தவிர மற்ற உயிரொலிகளை விட்டுவிட்டு மெய்யை மட்டும் பார்க்கும். அப்படிப் பார்த்தால் முனியம்மாவும் மணியம்மாவும் ஒரே ஆள். ஆங்கில எழுத்தில் ஒரு உயிரெழுத்துத்தான் வித்தியாசம். நமக்கோ இரண்டு வேறு அம்மா. எதிர்ப்பக்கம், ஒரே வீரசாமியை ஒரு குமாஸ்தா ஒரு மாதிரியும் இன்னொருவர் வேறு மாதிரியும் எழுதி, சேர வேண்டியவர்கள் சேராமல் போவார்கள். கடைசியில் தமிழ் வடிவத்தைத் தனிப் பத்தியாகக் கையால் எழுதி, திரட்டும் வேலையை அதன் மேல் செய்தோம். கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வராது. அவர்கள் ஆங்கில எழுத்தை உரக்கப் படிக்க, ஆன்ட்டியும் நானும் தமிழில் எழுதினோம். இங்கே தமிழ்ப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லும் விதம் ஊரிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கும். அந்த விலகலே சில இடங்களில் குமாஸ்தாவின் எழுத்தை அவிழ்த்தது.

தமிழில் எழுதினால் தொல்லை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். பொன்னுசாமியைத் தேடினால் பாதிப் பேர் வரவில்லை. திரையில் எல்லாப் பொன்னுசாமியும் ஒன்றுபோல்தான் தெரிந்தார்கள். யூனிகோடில் 'பொ'வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் வைக்கலாம். ஸ்பார்க்கிள் கண்ணால் பார்ப்பதில்லை, குறிகளைத்தான் எண்ணுகிறது. இரண்டும் அதற்கு வேறு வேறு சரம். என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தைப் பைத்தான் நிரல்மொழியில் ஒரே வரியில் ஓட்டினால் எல்லாம் ஒற்றைக் குறியாகிவிடும். ஆனால் 'கௌரி'யின் கௌவை, 'கெ'யும் 'ள'வுமாகத் தட்டுகிறவர்களை எந்த இயல்பாக்கமும் காப்பாற்றாது. அதற்கு ஆன்ட்டியின் கண்தான். தமிழ் லேபிள் வைத்து இந்த மாதிரி தரவு செய்யப் போகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள். ஸ்பார்க்கிள் பிழை எதுவும் காட்டாது. பேசாமல் குறைவான விடையைத் தரும்.

அடுத்தது ஊர்கள். ஓப்பன்ரிஃபைனில் ரீகன்சைல் என்ற வசதி, நம் பத்தியில் உள்ள பெயரை விக்கித்தரவு போன்ற பொதுத் தரவோடு ஒப்பிட்டு, பொருந்தக்கூடியவற்றை மதிப்பெண்ணோடு வரிசையாகக் காட்டும். ஆரணி என்று போட்டால் திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி முன்னால் வரும். திருவள்ளூர் மாவட்டத்திலும் ஒரு ஆரணி இருக்கிறது, அந்தக் காலத்தில் அது செங்கல்பட்டு ஜில்லா. பதிவில் ஜில்லாப் பத்தி இருப்பதால் தப்பித்தோம்.

ஜில்லாவே பெரிய வில்லங்கம். எங்கள் பதிவுகளில் 'வட ஆற்காடு' நிறைய. கூட வேலை பார்த்த பையன் அதை வேலூர் மாவட்டத்துக்குச் சமம் என்று போடப் போனான். 1911இல்தான் சித்தூர் வட ஆற்காட்டிலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்தது, இங்கே கப்பல் வருவது நின்ற அதே வருடம். அதாவது பட்டியல் எழுதப்பட்ட காலம் முழுவதும் வட ஆற்காட்டுக்குள் இன்றைய ஆந்திரத்துச் சித்தூரும் இருந்தது. பிறகு 1989இல் வேலூரும் திருவண்ணாமலையும் தனித்தனியாயின. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. வேலூர் என்று போட்டுவிட்டால், சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம் ஒன்று தன் ஊரைத் தேடிக் காட்பாடியில் போய் இறங்கி நிற்கும். விமான டிக்கெட் எடுத்துப் போய்த் தேடுகிறார்கள், சும்மா சொல்லவில்லை.

எனவே பழைய ஜில்லா தனிப் பொருள், அதற்குத் தொடக்க வருடம், முடிவு வருடம். இன்றைய மாவட்டங்களோடு 'சமம்' என்ற உறவு கிடையாது. இங்கே ஸ்காஸ் என்ற 2009ஆம் வருடத்துத் தரம் கைகொடுத்தது. நூலகத் தலைப்புச் சொற்களுக்காகச் செய்தது அது. 'துல்லியமாகப் பொருந்துகிறது', 'நெருக்கமானது', 'இதைவிட விரிந்தது', 'தொடர்புள்ளது' என்று உறவுக்குத் தரவரிசை வைத்திருக்கிறது. ஔலின் 'ஒருவரே' என்ற கட்டளை மாதிரி எல்லாச் சொத்தையும் ஒன்றாக்கி எழுதிவைக்காது. செமான்டிக் வெப்பில் இருபது வருடமாக அதிகமாகத் தவறிப் பயன்படுத்தப்பட்ட உறவு அந்த 'ஒருவரே'தான் என்பேன். தொடர்பிருக்கிறது என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் அதைப் போட்டுவைத்திருக்கிறார்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தரவைச் சேமித்துக் கேள்வி கேட்க அப்பாச்சி ஜேனாவின் ஃபுசெக்கி. ஜாவா இருந்தால் மடிக்கணினியிலேயே ஓடும், மின்வெட்டு நேரத்தில்கூட. அட்டவணையை ட்ரிப்பிள்களாக மாற்றப் பைத்தானும் ஆர்டிஎஃப்லிப்பும். கோப்புகள் டர்ட்டில் வடிவில். மனிதரும் படிக்கலாம், யார் எந்த வரியை மாற்றினார்கள் என்று, மாற்றங்களுக்குக் கணக்கு வைக்கும் கிட் என்ற கருவியில் பார்க்கலாம். ஆன்ட்டியின் கேள்விக்கு ஸ்பார்க்கிளில் ஐந்தாறு வரிதான். ஒரே பயணம், ஒரே கிராமம், ஒரே எஸ்டேட். 'பெற்றோர்' என்ற உறவுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டால் எத்தனை தலைமுறையானாலும் ஏறிப்போகும். விடை வந்தபோது அந்தப் பட்டியலில் ஒரு பெயர் மண்டபத்திலேயே உட்கார்ந்திருந்த இன்னொருவரின் கொள்ளுப்பாட்டி. இரண்டு குடும்பமும் மவுண்ட் எட்ஜ்கோம்பிலிருந்து கேட்டோ மேனருக்குப் போய், அங்கிருந்து, இனம் பார்த்துக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தில் கிளப்பப்பட்டு, சாட்ஸ்வொர்த்தில் இரண்டு தெரு தள்ளிக் குடியேறியவை. அன்றைக்கு அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை.

உயிரோடு இருப்பவர்களின் தகவல் தனி விஷயம். தென்னாப்பிரிக்காவில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுமையாக அமலாகிறது. ஆர்டிஎஃப்பில் ட்ரிப்பிள்களைப் பெயரிட்ட தொகுதிகளாகப் பிரித்து வைக்கலாம். கப்பல் பதிவுகள் ஒரு தொகுதி, நாங்கள் ஊகித்த உறவுகள் ஒரு தொகுதி, உயிரோடு இருப்பவர்கள் ஒரு தொகுதி. மூன்றாவது எந்த வெளி இயந்திரத்துக்கும் ஏறாது. முதலிலிருந்தே தொகுதி பிரித்ததால் இது சுலபமானது. எல்லாவற்றையும் கலந்து வைத்துவிட்டுப் பிறகு பிரிப்பது பெரும்பாடு.

தீராமல் நிற்பது சாதிப் பத்திதான். பட்டியலில் அந்தப் பத்தியில் சாதிப் பெயர்களோடு 'மலபார்' என்றும் 'ஜென்டூ' என்றும் 'கிறிஸ்டியன்' என்றும் வருகிறது. தமிழ் பேசுகிறவர்களை மலபார் என்றும் தெலுங்கு பேசுகிறவர்களை ஜென்டூ என்றும் அன்றைய வெள்ளைக்காரர்கள் சொன்னார்கள். மொழி, மதம், சாதி மூன்றும் ஒரே கட்டத்தில். இதை ஔலில் வகைகளாக எழுதினால் என்ன ஆகும்? ஒருவர் மலபாராகவும் கிறிஸ்தவராகவும் இருக்கலாமா என்று நாமே முடிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்றால் தமிழ்க் கிறிஸ்தவர்கள் முரண்பாடு ஆகிவிடுவார்கள். இருக்கலாம் என்றால் அந்த வகைக்கு என்ன பொருள்? நான் அதை ஸ்காஸில் குமாஸ்தாவின் சொற்பட்டியலாக மட்டும் வைத்தேன். அதற்கான உறவின் பெயர் 'பதிவில் எழுதப்பட்டது'. அது பதிவில் தொங்கும். ஆளின் மேல் ஏறாது. பேரன் பேத்திக்கு எந்த ரீசனராலும் இறங்காது.

எனக்கு அது போதுமானதாகத் தெரிகிறது. அங்கிளுக்குப் போதவில்லை. "நாங்க அதை மறந்து ரெண்டு மூணு தலைமுறை ஆச்சு. கம்ப்யூட்டர்ல ஏத்தி நீங்க ஏன் மறுபடி கொண்டாறீங்க?" என்கிறார். ஆன்ட்டி, ஆவணத்தில் இருப்பதை மறைக்க நாம் யார் என்கிறார். அதோடு, பலர் கப்பலேறும்போது வேறு சாதி சொல்லித் தப்பித்திருக்கலாம், அந்தப் பொய்யும் நம் ஆட்களுடையதுதானே என்று ஒரு வாதம் வைத்தார். அங்கிள் அதற்குச் சிரித்தாரே தவிர இறங்கி வரவில்லை. இப்போதைக்கு அந்தப் பத்தி மட்டும் நான்காவது தொகுதியாகத் தனியே இருக்கிறது. பொது வினவலில் வராது, காரணம் சொல்லிக் கேட்பவர்களுக்குக் கோப்பாகக் கொடுக்கிறோம். இங்கே வீட்டுக்கு வீடு புரட்டாசி விரதம். அது முடிந்ததும் பிரியாணி போட்டு ஒரு கூட்டம் வைத்து இதை முடிவு செய்வதாகப் பேச்சு. அதற்குள் செங்கல்பட்டு ஜில்லாவின் ஊர்களை முடித்துவிட வேண்டும்.